வடக்குப் பார்த்த குழி

குழி சதுரமாக இருந்தது.

இதை முதலில் கவனித்தவன் ஏசுஅடிமைதான். கவனித்ததை என்ன செய்வது என்று தெரியாமல் அதைக் கேலியாக்கி வீணடித்தான்.

“இதுல துரையைப் படுக்க வைக்க முடியாது அண்ணாச்சி. வாழைக்கன்னு மாதிரி நட்டுத்தான் வைக்கணும்.”

“பைய பேசுலே. துரைக்குத் தமிழ் தெரியும்” என்றார் வைகுண்டராஜன்.

துரைக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். டெஸ்மண்ட் ஃபாலன் ஆறு வயதில் அயர்லாந்திலிருந்து அப்பாவோடு இந்த மலைக்கு வந்தவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டம் அவருடையது. தோட்டத்து ஆட்களுக்கு அவர் ‘பாலன் துரை’. வெள்ளைக்காரன் ஆட்சி போய் ஆறு வருஷம் கழித்து, தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறலாம் என்று அவர் முடிவு செய்திருந்த சமயத்தில்தான் இது நடந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் திறந்தால், பங்களாப் படிக்கட்டுக்கு நேர் எதிரே, புல்வெளியின் நடுவில் இந்தக் குழி வாயைப் பிளந்து கிடந்தது.

அன்றிலிருந்து சமையல்காரன் வரவில்லை. பால்காரன் வரவில்லை. அழுக்குத் துணி எடுக்க யாரும் வரவில்லை. பால்வெட்டுகிற ஆட்கள் ரப்பர்க் காட்டோடு வந்து ரப்பர்க் காட்டோடு போனார்கள். பங்களாவில் மிஞ்சியது பட்லர் ராஜமணி ஒருவன்தான்.

“இன்ஸ்பெக்டர் என்ன சொன்னாரு?” என்று கேட்டார் வைகுண்டராஜன். அவர் முன்பு போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தவர். மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வேலையை விட்டுவிட்டு நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடியறையில் துப்பறியும் தொழில் நடத்துகிறார். ஏசுஅடிமை பஸ் கண்டக்டராக இருந்து, பயணிகளைக் கேலி செய்த குற்றத்துக்காக வெளியே அனுப்பப்பட்டவன். அந்தக் குணத்துக்காகவே இவரிடம் வேலை கிடைத்தது.

“ஆறடி நீளத்துக்குத் தோண்ட வந்தவன் பாதியில பயந்து ஓடிட்டான்னு சொல்லுதாரு” என்றார் ஃபாலன்.

வைகுண்டராஜன் குனிந்து குழியின் சுவரைத் தடவினார். வெட்டுக்கல் தரை. பாறை கொத்துகிற கூந்தாலியைப் போட்டால் பொறி பறக்கிற இறுக்கம்.

“தோண்டுத சத்தம் யாருக்கும் கேக்கலியா?”

“எனக்குக் கேக்கல. ராஜமணியும் கேக்கலங்கான்.”

ராஜமணி நாலடி தள்ளி நின்றான். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. குழியருகே வந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டான். ஆடிச் சாரல் மலையை மூடியிருந்தது. வெயில் என்று சொல்ல ஒரு கீற்றுகூட இல்லை. வைகுண்டராஜன் அவன் தலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியேறினார்.

ராஜமணி காப்பி எடுத்துவரச் சமையலறைக் கட்டுக்குப் போனான். மற்றவர்கள் புல்வெளியைக் குறுக்கே மிதித்துப் போகும் இடத்தில் அவன் ஓரமாகவே சுற்றிப் போனான்.

“பன்னிரண்டு வருஷமா இப்படித்தான். நேரா நடக்கத் தெரியாத கழுதை” என்றார் ஃபாலன்.

வராந்தாச் சுவரில் புலித்தலை, மான்கொம்பு எல்லாம் மாட்டியிருந்தன. அவற்றுக்கு மேலே, கூரையை ஒட்டி, சங்கிலியில் ஒரு நீண்ட உத்தரம் தொங்கியது. அதன் முனையில் கனத்த இரும்புப் பூண்.

“இது எதுக்கு துரை? ஊஞ்சலா?” என்றான் ஏசுஅடிமை.

“எங்க அப்பாவுக்க ஆயுதம். அயர்லாந்துல இருந்து கொண்டு வந்தது.” ஃபாலனின் முதுகு நிமிர்ந்தது. “உக்காருங்க. ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தெட்டுல எங்க ஊர்ல ரெண்டு காரியம் நடந்தது. பெல்ஃபாஸ்ட்ல டன்லப்னு ஒரு மிருக வைத்தியர், மகனுக்க மூணுசக்கர வண்டி குலுங்காம ஓடணும்னு ரப்பர்ல காத்தடைச்சு டயர் செஞ்சாரு. அதே வருஷம் கிளேர் ஜில்லாவுல எங்க வீட்டு வாசல்ல ஒரு குழி தோண்டுனாங்க. எங்க அப்பா அங்க ஒரு ஜமீன்தாருக்க ஏஜெண்ட். குத்தகை கொடுக்காதவனை வெளியேத்துறது அவருக்க வேலை. அதுக்குப் பழி அந்தக் குழி. ரொட்டி விக்க மாட்டான், குதிரைக்கு லாடம் அடிக்க மாட்டான், எதிர்ல வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கிடுவான். எட்டு வருஷத்துக்கு முந்தி பாய்காட்னு ஒரு ஏஜெண்டுக்கு இதைத்தான் செஞ்சாங்க. அவரு பேரே அந்தத் தண்டனைக்குப் பேராயிட்டு. கடைசியில நாங்க ஊரை விட்டு ஓடினோம். அந்தக் குழி எங்கள ஓட வச்சுது. அந்த டயர் எங்கள வாழ வச்சுது.”

“எங்க வண்டிக்கும் அதே டயர்தான் துரை. வார வழியில ரெண்டு தடவை வாழ வச்சுது. ரெண்டு தடவையும் நான்தான் இறங்கிக் காத்தடிச்சேன்” என்றான் ஏசுஅடிமை.

ஃபாலன் சிரிக்கவில்லை. வைகுண்டராஜன் எழுந்துபோய் அந்த உத்தரத்தை விரலால் சுண்டிப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைக் கீறி முகர்ந்தும் பார்த்தார்.

“யாரு செஞ்சான்னு உங்களுக்குத் தெரியும்னு தந்தியில சொல்லியிருந்தீங்க.”

“மலாக்கி. கடற்கரைப் பள்ளிக்கூடத்து பிரதர். அவன் எங்க அப்பா வெளியேத்தின குடும்பத்துப் பேரன். இருபது வருஷம் முந்தி அயர்லாந்துக்காரங்களுக்க செயின்ட் பாட்ரிக் திருநாளுக்கு இங்க விருந்துக்கு வந்தான். எங்க அப்பா பேரைச் சொல்லி நான் கிளாஸைத் தூக்கினேன். அவன் கிளாஸைக் கவுத்து வச்சுட்டு, ‘இந்த வாசலுக்கு இன்னும் ஒரு குழி பாக்கி இருக்கு’ன்னு சொல்லிட்டுப் போனான். குழி, பகிஷ்காரம் ரெண்டும் அயர்லாந்துச் சரக்கு. இங்க உள்ளவனுக்கு என்ன தெரியும்?”

“ஊர்விலக்கு வைக்க நாங்க கப்பல்ல ஆள் வரவழைக்கணுமாக்கும்” என்று ஏசுஅடிமை முணுமுணுத்தான்.

“நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்டர் அவனைப் பிடிக்கப் போறாரு. கொலை மிரட்டல். கேஸ் நிக்கணும்னா சாட்சி வேணும். அதைக் கொண்டு வாரது உங்க வேலை. தண்டனை முடிஞ்சு அவனைக் கப்பல்ல ஏத்துவாங்க. எங்க அப்பாவை அவங்க அயர்லாந்துல இருந்து விரட்டினாங்க. நான் அவங்கள்ல ஒருத்தனை இங்கிருந்து விரட்டிட்டுத்தான் போவேன்.”

ராஜமணி காப்பித் தட்டோடு வந்து நின்றான். கோப்பைகள் சத்தமில்லாமல் மேசையில் இறங்கின.

*

பிரதர் மலாக்கி கடற்கரை மணலில் உட்கார்ந்து வலைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். முப்பது வருஷ வெயிலில் முகம் செங்கல்லாகியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் வலைக்காரர்களை அனுப்பிவிட்டார்.

“நீங்க தோண்டினீங்களா பிரதர்?”

“இல்ல. தோண்டணும்னு நினைச்சேன். இருபது வருஷமா தினமும் நினைக்கேன். தினமும் பூசையில அதுக்கு மன்னிப்புக் கேக்கேன். மறுநாள் திரும்பவும் நினைக்கேன்.”

“இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிராதீங்க. அவருக்கு முதல் வரி போதும்” என்றான் ஏசுஅடிமை.

“என்னைத் திருப்பி அனுப்புனா அங்க எனக்கு யாரு இருக்கா? எங்க பாட்டனாருக்க வீடே இல்ல.” பிரதர் கோயிலுக்குப் பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார். “அதுல கடலோரமா ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன். அது போயிரக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

“அந்த எண்பத்தெட்டுல என்ன நடந்தது?”

“அந்த வருஷம் பகிஷ்காரம் பாவம்னு ரோமாபுரியில இருந்து உத்தரவு வந்தது. எங்க ஆளுக பூசையில முழங்கால் போட்டுக் கேட்டாங்க. எழுந்து வெளிய வந்து திரும்பவும் பகிஷ்காரம் செஞ்சாங்க. பட்டாளம் வந்தது. எங்க ஆளுக கதவை அடைச்சுட்டு உள்ள இருந்தாங்க. அப்பம் ஃபாலனுக்க அப்பன் இதைக் கொண்டு வந்தான்.”

பிரதர் மணலில் விரலால் மூன்று கோடுகள் இழுத்தார். மேலே ஒன்றாகச் சேர்ந்து கீழே விரிகிற மூன்று கம்புகள். நடுவில் தொங்குகிற ஒரு கட்டை.

“இதை வாசல்ல நிறுத்தி, கட்டையை ஆட்டி ஆட்டி இடிப்பாங்க. எங்க வீடு காலையில இருந்தது. மத்தியானம் இல்ல. எங்க பாட்டனார் ரோட்டோரத்துல கிடந்து செத்தாரு.”

ஏசுஅடிமை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அண்ணாச்சி, இது மூணுகாலன்லா?”

“என்னலே சொல்லுத?”

“எங்க குலசேகரத்துப் பக்கம், சோறு திங்காத பிள்ளைகளை இதைச் சொல்லித்தான் பயங்காட்டுவாவ. மலையில இருந்து மூணுகாலன் வருவான், நெத்தியால முட்டி வீட்டை இடிப்பான்னு. சுவர்ல கரியால இப்படித்தான் படம் போடுவாவ. அயர்லாந்துப் பேய் எப்படி எங்க அடுக்களைக்கு வந்தது?”

வைகுண்டராஜன் பிரதரிடம் திரும்பினார். “பிரதர், உங்க ஊர்ல வேங்கை மரம் உண்டா?”

“ஓக் உண்டு. வேங்கை கிடையாது. ஏன்?”

“வராந்தாவுல தொங்குதது வேங்கை.”

கப்பலில் வந்தது பூண் மட்டும்தான். மரம் இங்கே வெட்டியது. இங்கே வெட்டியது என்றால் இங்கே இடித்திருக்கிறது.

திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டத்தின் மதிலருகே வைகுண்டராஜன் நின்றார். சிலுவைகள் வரிசையாக, எல்லாக் கல்லறைகளும் நீள நீளமாக.

“உங்க ஆளுகள எப்படிடே அடக்குவாவ?”

“தலை மேற்க, கால் கிழக்க. காலை நீட்டி நிம்மதியா. ஏன், இடம் பாக்கியளா?”

“பிரதர் தோண்டியிருந்தா எப்படித் தோண்டியிருப்பாரு?”

“இதே மாதிரி நீளமாத்தான்.” சொல்லிவிட்டு ஏசுஅடிமை நின்றான். “அப்பம் அந்தக் குழி…”

“பாதியில விட்டது இல்ல. முழுசா முடிஞ்ச குழி. வண்டியை எடு.”

*

அவர்கள் மலையேறியபோது சாரல் விட்டு மாலை மஞ்சள் விழுந்திருந்தது. ஃபாலன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ராஜமணி அவர் பின்னால் நின்றான்.

“சாட்சி கிடைச்சுதா?”

“கிடைச்சுது” என்றார் வைகுண்டராஜன்.

அவர் படியேறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, வடக்கே பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தோள் இடிக்கவில்லை, முழங்கால் இடிக்கவில்லை. தலைக்கு மேலே இரண்டு கை மண் போட்டு மூட இடம் இருந்தது.

“அண்ணாச்சிக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு” என்றான் ஏசுஅடிமை.

“நாங்க அய்யாவழிக்காரங்க துரை” என்றார் வைகுண்டராஜன் உள்ளே இருந்தபடியே. “எங்கள்ல செத்தவங்கள எரிக்க மாட்டோம், படுக்க வச்சுப் புதைக்கவும் மாட்டோம். தவத்துல இருக்குத மாதிரி, வடக்கே பாக்க உக்கார வைப்போம். தர்மயுகம் வரும்போது அப்படியே எழுந்திரிக்கணும்னு நம்பிக்கை. கும்பிடுத இடத்துல தலையில துண்டு கட்டுவோம். மத்தவங்க கழத்துவாங்க, நாங்க கட்டுவோம். இங்க ஒருத்தர் காலையில வெயிலே இல்லாம கட்டினாரு.”

ஃபாலன் மெல்லத் திரும்பி ராஜமணியைப் பார்த்தார். ராஜமணி அசையவில்லை.

“நீயா? எனக்குக் குழி வெட்டினது நீயா?”

“அவரு வெட்டல” என்றார் வைகுண்டராஜன். “இந்தச் சுவரைப் பாருங்க. கூந்தாலி வெட்டுன தடம் எல்லாம் கறுத்துப் போயிருக்கு. வெட்டுத்தடத்துக்குள்ள வேர் ஓடியிருக்கு. ஒரு தடம்கூடப் புதுசு இல்ல. வெட்டுக்கல்லை வெட்டுன சத்தம் உங்களுக்கு எப்படிக் கேக்கும்? இது இப்பம் தோண்டுன குழி இல்ல. எப்பவோ தோண்டி, ஒருத்தரை உக்கார வச்சு மூடுனது. உள்ள கிடந்த பொலபொலத்த மண்ணை மட்டும் கையால அள்ளியிருக்காங்க. குழியைத் தோண்டுனது யாருன்னு கேட்டீங்க. சொல்லுதேன். தோண்ட வச்சது உங்க அப்பா.”

“பொய்.”

“வேங்கை மரம் அயர்லாந்துல உண்டா துரை?”

ஃபாலனின் கண் தன்னையறியாமல் கூரையை ஒட்டித் தொங்கும் உத்தரத்துக்குப் போயிற்று.

அப்போதுதான் ராஜமணி பேசினான். குரலை உயர்த்தவில்லை. காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற அதே குரல்.

“எங்க தாத்தாவுக்க வீடு இந்த இடத்துலதான் இருந்தது. இங்க மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்தாரு. உங்க அப்பா சர்க்கார்கிட்ட மலையை வாங்கிட்டு வந்து எறங்கச் சொன்னாரு. தாத்தா வாசல்ல சம்மணம் போட்டு உக்காந்தாரு. மூணுகாலனைக் கொண்டு வந்து நிறுத்தினாங்க. அவரு எழுந்திரிக்கல. வீடு அவரு மேல விழுந்தது. உக்காந்த இடத்துலேயே குழி வெட்டி உக்கார வச்சாவ. மறுவருஷம் உங்க அப்பா அதுமேல புல்லு போட்டாரு. வடக்க பங்களா கட்டினாரு. அறுபது வருஷத்துக்கு மேல எங்க தாத்தா உங்க சாப்பாட்டு மேசையைப் பாத்துட்டு இருந்தாரு துரை.”

“எதுக்கு இப்பம் தோண்டின?”

“தோட்டத்தை விக்கியளே. வாங்குதவன் இங்க ரப்பர்ப் பால் காச்சுத ஷெட்டு போடப் போறானாம். அதுக்கு முந்தி தாத்தாவை எடுத்துட்டுப் போலாம்னு திறந்தேன். எலும்பு இல்ல, பல்லு இல்ல. மண்ணு எல்லாத்தையும் தின்னுட்டு. சரி, மூடிருவோம்னு மண்ணை அள்ளினேன். அப்பம் நீங்க விருந்துல சொல்லுத அந்த அயர்லாந்துக் குழிக் கதை ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் நின்னு கேட்ட கதை. மண்வெட்டியைக் கீழே போட்டுட்டேன். திறந்த கல்லறையைத் தாண்டி ஒருத்தனும் வரமாட்டான்னு தெரியும். பிரதர் மேல பழி விழும்னு மட்டும் தெரியாது. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்தா நானே சொல்லியிருப்பேன்.”

வைகுண்டராஜன் குழியிலிருந்து ஏறினார். முழங்கால் மண்ணைத் தட்டவில்லை.

“நாளைக்கு இன்ஸ்பெக்டர் முன்னால இதையெல்லாம் நான் சொல்லணுமா, இல்ல புகாரை நீங்களே திருப்பி வாங்கிக்கிடுதீங்களா? பங்களா வாசல் இடுகாடுன்னு கேஸ்ல வந்தா, தோட்டம் வாங்க வாரவன் மலை ஏறமாட்டான்.”

ஃபாலன் உள்ளே போய், மலாக்கி மேல் தனக்கு எந்தப் புகாரும் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அதை வைகுண்டராஜன் முன்னால் வீசினார். இரையைக் கைவிட்ட கோபம்.

அந்தக் கோபம் முழுவதும் ராஜமணி மேல் திரும்பிற்று. “நீ வெளிய போ. இப்பமே.”

“போறேன் துரை.” ராஜமணி பணிவாகச் சொன்னான். “நான் போயிட்டா உங்களுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு தர இந்த மலையில ஆளு உண்டா? கப்பலுக்கு இன்னும் நாள் கிடக்கு. உங்க அப்பாவுக்கு ரொட்டி விக்க ஆளில்லாமப் போச்சுன்னு நீங்கதானே சொல்லுவிய.”

ஃபாலன் மலைச்சரிவைப் பார்த்தார். தோட்டத்தின் கீழே ஆட்கள் வேலை முடிந்து இறங்கும் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

“அந்தக் குழியையாவது மூடு.”

“அது உங்க அப்பா தோண்ட வச்சது துரை. மூடணும்னா நீங்கதான் மூடணும். மண்வெட்டி அங்கதான் கிடக்கு.”

ராஜமணி நாற்காலியை எடுத்தான். வழக்கமான மூலையில் போடாமல், தெற்கே பார்த்து, படிக்கட்டுக்கு நேராகப் போட்டான். அதில் உட்கார்ந்தால் எதிரே குழியைத் தவிர வேறொன்றும் தெரியாது. தூசியைத் துண்டால் தட்டினான். கால் வலித்ததோ என்னவோ, ஃபாலன் உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க போங்க அண்ணாச்சி” என்றான் ராஜமணி. காலையில் ஐயா என்று கூப்பிட்டவன். “நான் போகல. கப்பல் ஏறுத வரைக்கும் துரைக்கு ஒரு குறையும் வராது. காப்பி வேளைக்கு வந்துரும்.”

சற்று நேரத்தில் காப்பி வந்தது. ராஜமணி புல்வெளி ஓரமாகவே சுற்றிவந்து, கோப்பையைத் துரையின் கையருகே வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றான். கோப்பையிலிருந்து ஆவி எழுந்தது. ஃபாலன் அதைப் பார்த்தார். ராஜமணியைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் கோப்பையைப் பார்த்தார். கை நீளவில்லை.

வண்டியருகே வந்ததும் ஏசுஅடிமை மெதுவாகக் கேட்டான். “அண்ணாச்சி, காப்பியில ஏதாவது கலந்திருப்பானா?”

“மாட்டான். தாத்தாவுக்க கண்ணு முன்னால செய்ய மாட்டான். அது சுத்தமான காப்பியாக்கும்.”

“அப்பம் துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரலாமே. பாவம், கப்பல் ஏறுத வரைக்கும் பச்சைத் தண்ணிகூட நம்பிக் குடிக்க மாட்டாரு.”

வைகுண்டராஜன் தலையில் கட்டிய துண்டை இன்னும் அவிழ்க்கவில்லை. கூரையை ஒட்டிச் சங்கிலியில் தொங்கும் வேங்கை உத்தரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“குழி தோண்டுனது யாருன்னு கேட்டாரு. சொல்லிட்டேன்” என்றார். “இதை அவரு கேக்கல. வண்டியை எடு.”